மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஹெரால்டு: யாராவது பார்த்தீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நம் நாளிதழில் பழைய கார் அணிவகுப்புப் படங்கள் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தன. கீழ் வரிசையில் ஓரத்துப் படத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பாதி மட்டும் தெரிந்தது. ஒரு விளக்கு, ஒரு மட்கார்டு, கொஞ்சம் கண்ணாடி. கையில் வைத்த காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். முன் கண்ணாடிக்கு மேலே கூரை இருந்தது. எங்கள் வண்டிக்குக் கூரை கிடையாது. அது வேறு வண்டி.

41 வருடமாக ஹெரால்டு எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறது. பஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகைக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறேன். 1984-இல் நான் விற்ற காரைத் தேடித்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். என் ஒருவனுடைய காரியத்துக்கு உங்கள் பக்கத்தில் இவ்வளவு இடம் கேட்பது நியாயமா என்று யோசித்தேன். பொதுவாகக் கேட்கவேண்டிய ஒன்றும் இதற்குள் இருக்கிறது. அது பின்னால் வரும்.

நான் கோவை ஆவாரம்பாளையத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தவன். அப்பா ஆரம்பித்த பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், மழை வந்தால் ஒழுகும் ஓட்டுக்கூரை. கிணற்று மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்போம். 1973-இல் எனக்கு 23 வயது. அவிநாசி ரோட்டில் லாரியில் அடிபட்ட ஒரு ஹெரால்டு விலைக்கு வந்தது. 1964 மாடல், இரண்டு கதவு. கூரை நசுங்கி, பின்பக்கம் அப்பளமாகியிருந்தது. இன்ஜினுக்கும், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. 3,200 ரூபாய். அப்பா பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, "இதை என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். எனக்கே தெரியாது.

அந்தக் காலத்தை இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான். உத்தரபாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு. வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்ய முடியாது. இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்றால் படத்தில் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான். இல்லையென்றால் நாமே கட்டவேண்டும்.

கட்டுவதற்கு ஹெரால்டைப் போல வேறு வண்டி அமையாது. 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் கம்பெனி கொண்டு வந்ததை 1961-இல் சென்னையில் செய்ய ஆரம்பித்தார்கள். வரைந்தவர் ஜியோவன்னி மிக்கலாட்டி என்ற இத்தாலியர். மற்ற கம்பெனிகளெல்லாம் பாடியும் சேஸிஸும் ஒன்றாகவே வரும்படி செய்யத் தொடங்கியிருந்த காலத்தில், இதற்கு மட்டும் தனிச் சேஸிஸ் போட்டு, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். கூரைகூட போல்ட்தான். கழற்றினால் கையோடு வந்துவிடும். பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு அந்த வண்டி மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. 948 சிசி இன்ஜின், சின்ன வண்டி, ஒடித்தால் நின்ற இடத்திலேயே திரும்புகிற மாதிரி ஒரு ஸ்டீயரிங்.

பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய ஓர் இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகையில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் படம் பார்த்தேன். அதுவும் ஹெரால்டின் இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் வைத்து, அதே மிக்கலாட்டி வரைந்த வண்டிதான். ஹெரால்டில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 91.5 அங்குலம். ஸ்பிட்ஃபயரில் 83. எட்டரை அங்குலம்தான் வித்தியாசம், சேஸிஸில் அதை வெட்டிவிட்டால் ஆயிற்று. அந்த எண்ணைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன்.

எழுதி என்ன, எனக்குக் கடைசல் வேலைதான் தெரியும். தகட்டு வேலை தெரியாது. அப்போதுதான் டிங்கர் அண்ணன் வந்தார். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் டிங்கர் அண்ணன் என்றே எழுதுகிறேன், ஊரிலும் அப்படித்தான் கூப்பிட்டோம். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சின்ன வயதிலேயே சேர்ந்து தொழில் படித்தவர். என்னைவிட 12 வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. நான் பத்திரிகைப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "முன்னால இருந்து எடுத்திருக்கறானுங்க தம்பி. பின்னால எப்படி இருக்கும்னு நாமதான் நெனச்சுக்கோணும்" என்றார். கூலி எவ்வளவு என்று அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வருவார். பத்து மணி வரைக்கும் வேலை.

சேஸிஸை வெட்டியதுதான் பெரிய பயம். எட்டு நாள் அளந்தோம். தூக்குக்குண்டு விட்டு, தரையில் கோடு போட்டு, குறுக்குவாட்டிலும் அளந்து பார்த்து, வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு ஹேக்ஸா பிளேடை வைத்தோம். கையால்தான் அறுத்தோம். வெட்டிய இடத்தை நேர்க்கோட்டில் பற்றவைத்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும் என்று அண்ணன் சொன்னார். பஸ் சேஸிஸில் பார்த்திருக்கிறார். அதனால் சாய்சதுரமாகத் தகடு வெட்டி, மூட்டின் இரண்டு பக்கமும் போட்டு வெல்டிங் வைத்தோம். அந்த நான்கு சாய்சதுரங்களும் இன்றைக்கும் அங்கே இருக்கவேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேஸிஸ் குட்டையானால், இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் குட்டையாகவேண்டும். அது என் வேலை. குழாயை வெட்டி, முனையில் கவை போல இருக்கும் நுகத்தை மறுபடி இறக்கி, லேத்தில் இரண்டு சென்டருக்கும் நடுவே பிடித்து, டயல் கேஜ் வைத்துப் பார்த்துப் பற்றவைத்தேன். கோணல் ஓட்டம் துளியும் இல்லை. பெருமையாக மாட்டினேன். 50 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் வண்டி மொத்தமும் ஆட ஆரம்பித்தது. ஆசனத்துக்கு அடியில் யாரோ மாவு மில் ஓட்டுவது போல ஒரு சத்தம். மூன்று முறை கழற்றி மாட்டினேன். நான்காவது முறைதான் தப்பு கண்ணில் பட்டது. ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் நுகங்கள் ஒரே வாக்கில் நிற்கவேண்டும். நான் ஒன்றைக் கொஞ்சம் திருப்பிப் பற்றவைத்திருந்தேன். ஒரு முனையில் வருகிற ஏற்ற இறக்கத்தை மறுமுனை சரிசெய்ய வேண்டியது, இரண்டும் சேர்ந்துகொண்டு ஆட்டியிருக்கிறது. அறுத்து, திருப்பி, மறுபடி வைத்தேன். அன்றிரவு சூலூர் வரைக்கும் போய்வந்தோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அண்ணன் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, கதவின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

பின்பக்கம் முழுக்க அவர் கை. புளியங்கட்டையில் குழி தோண்டி, அதில் தகட்டைப் போட்டு மரச் சுத்தியலால் அடித்துக் குழிப்பார். பிறகு மணல் மூட்டை மேல் போட்டுத் திருத்துவார். அச்சு இல்லை, வரைபடம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கைதான் சொல்லும். இடது மட்கார்டு வந்துவிட்டது. வலதை அதே மாதிரி கொண்டுவர ஐந்து வாரம் ஆனது. இரண்டு முறை முழுசாக அடித்து முடித்ததைத் தூக்கி மூலையில் போட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. "உங்களுக்குத் தெரியாதுங்க. என்ற கைக்குத் தெரியுது" என்றார்.

கணபதியில் வார்ப்படப் பட்டறை வைத்திருந்த நண்பர் ஒருவர் அலுமினியத்தில் இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் குழாய், வார்த்துக் கொடுத்தார். இரண்டு கார்புரேட்டர் மாட்டுவதற்காக. வார்ப்புக்கு அச்சு எடுக்கும் பேட்டனைத் தேக்கில் செதுக்கியது நான். அதன் மேல் 'கோவை 1974' என்று தமிழில் எழுத்து வைத்திருந்தேன். வார்த்து எடுத்தபோது எழுத்து மணிமணியாக வந்திருந்தது. இப்படி ஒரு மேனிஃபோல்டு வேறு எந்த இன்ஜினிலும் இருக்க வழியில்லை.

நிறத்துக்கு அம்மாதான் காரணம். எல்லோரும் சிவப்பு, சிவப்பு என்றார்கள். அம்மா தன் கல்யாணப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, "இந்த மாதிரி அடிக்க முடியுமா?" என்று கேட்டார். மயில்கழுத்து. வெயிலில் நீலம், நிழலில் பச்சை. பெயின்டர் பாவம், முந்தானை ஓரத்தை வைத்துக்கொண்டு டூக்கோ பெயின்ட்டை எட்டு முறை கலந்தார். புடவையின் ஓட்டம் பெயின்ட்டில் வராது. ஆனால் சாயங்கால வெயிலில் அந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிட்டத்தட்ட வந்திருந்தது.

மாற்றத்தை மறைக்கவில்லை என்பதையும் எழுதவேண்டும். 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி எழுதிக் கொடுத்தோம். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து வெல்டிங்கைத் தட்டிப் பார்த்தார். தானே ஓட்டிப் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தில் திறந்த இரண்டு இருக்கை வண்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதிவு எண்ணின் நான்கு இலக்கங்களையும் கூட்டினால் 9 வரும். அதற்காகவே அம்மாவுக்கு அந்த வண்டி மேல் நம்பிக்கை.

அதில் எங்கெல்லாம் போனோம் என்று எழுதினால் உங்கள் நாளிதழ் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1978-இல் சோழவரத்துக்குப் போனோம். இளைஞர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் தெரியும், அது 1990-இல் வந்தது. அதற்கு முன்னால் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில். வண்டியை லாரியில் ஏற்றிப் போக எங்களிடம் காசு இல்லை. கோவையிலிருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர், ராத்திரியெல்லாம் ஓட்டிக்கொண்டே போனோம். கூரை இல்லாத வண்டியில் சேலம் தாண்டும்போது பனி. அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியில் ஸ்பேனர் பையோடு உட்கார்ந்திருந்தார். ஓடுதளத்தில் கான்கிரீட் இணைப்புகள் மேல் வண்டி ஏறும்போதெல்லாம் தட் தட் என்று அடிக்கும். வளைவில் வைக்கோல் கட்டு. ஹெரால்டின் பின் சக்கரத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். அதனால் பயந்தாலும் காலை எடுக்கக் கூடாது. நான் எடுக்கவில்லை. நான்காவது சுற்றில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் அறுந்தது. நாங்கள் பந்தயத்தை முடிக்கவில்லை. ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்தபோது, வெளிநாட்டு ரேஸ் வண்டி வைத்திருந்த ஒருவர் வந்து, வலது மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் பாடி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணனுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "கோயமுத்தூர்" என்றார்.

கோவைக்கு அந்த வேலை புதிதில்லை என்பது பின்னால் ஊருக்கே தெரிந்தது. மாருதி இன்ஜினை வைத்து இங்கேயே பந்தயக் கார் கட்டிய கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்து ஓடுதளத்துக்கு அவர் பெயர்தான். அவரைப் போன்ற வசதியும் படிப்பும் எங்களுக்கு இல்லை. ஆனால் அதே ஊர்த் தண்ணீர்தான், அதே லேத்துதான்.

இனி விற்றதைச் சொல்லவேண்டும்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. மறு வருடமே ஹெரால்டுக்கு மதிப்பு இறங்கத் தொடங்கியது. உதிரி பாகம் தேடுவதும் சிரமமாகிவிட்டது. பட்டறைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது, நீளமான ஷாஃப்ட். எங்கள் லேத்தின் பெட் போதாது. ஆறடி பெட் கொண்ட செகண்ட்ஹேண்ட் லேத் ஒன்று பீளமேட்டில் விலைக்கு இருந்தது. முன்பணம் கட்ட மூன்று நாள் கெடு. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்து 18,500 ரூபாய் என்றார். கொடுத்துவிட்டேன். பெயர் மாற்றும் தாளில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தோம். செய்திருக்கக் கூடாது.

அண்ணனிடம் சொல்லவில்லை. மூன்று நாளில் நேரம் இருக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. சொன்னால் விற்க மனம் வராது என்றுதான் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அவர் ஒரு சின்ன டப்பாவில் மயில்கழுத்துப் பெயின்ட் கலந்து எடுத்துக்கொண்டு வந்தார். கதவோரத்தில் ஒரு கீறல் இருந்தது, அதை மறைக்க. கொட்டகை காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும். டப்பாவைத் திறக்காமல் ஜன்னலோரம் வைத்துவிட்டு, "நல்ல கைக்குத்தானுங்களே போச்சு, தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த லேத் என் குடும்பத்துக்குச் சோறு போட்டது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது. விற்றது தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் விற்றதுதான் தப்பு.

அதற்கப்புறம் கிடைத்த தடயம் மிகக் கொஞ்சம். 1987-இல் அந்த வண்டிக்கு வரி பாக்கி என்று என் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. அதிலிருந்துதான் தெரிந்தது, வாங்கியவர் பெயர் மாற்றவேயில்லை. 1986 வரைக்கும் யாரோ வரி கட்டியிருந்தார்கள். பாக்கி இருநூற்றுச் சொச்சம் ரூபாயை நானே கட்டினேன். என் பெயரில் இருக்கும் வண்டி வரி கட்டாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. பொள்ளாச்சிக்குப் போய் விசாரித்தேன். தோப்புக்காரர் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார், எங்கே என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. 1992-இல் எங்களுக்குச் சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர், பாலக்காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் கூரையில்லாத பச்சைக் கார் ஒன்றை, கோழிகள் ஏறி உட்கார்ந்திருக்கப் பார்த்ததாகச் சொன்னார். நீலமா பச்சையா என்று கேட்டேன். "மேகமா இருந்துதுங்க, பச்சையாத்தான் தெரிஞ்சுது" என்றார். மேகமாக இருந்தால் எங்கள் வண்டி பச்சையாகத்தான் தெரியும். அடுத்த ஞாயிறே போனேன். மூன்று ஞாயிறு போனேன். அந்த வீடு கிடைக்கவில்லை.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் அந்த மேனிஃபோல்டைத் தேடியிருக்கிறேன். இதுவரை கண்ணில் படவில்லை. அதனால்தான் வண்டி உடைபடவில்லை என்று இன்னும் நம்புகிறேன். என் பேத்தி கைபேசியில் வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். விவரம் இல்லை என்று வந்தது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். என் பெயரில் யாரும் புதுப்பிக்கவில்லை. ஆக, ஏதோ ஒரு கொட்டகையில் நின்றுகொண்டிருக்கவேண்டும், இல்லையென்றால் வேறு மாநிலத்தில் வேறு எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கவேண்டும்.

இப்படித் தேடுவது கிழவனின் பைத்தியம் என்று வீட்டில் சொல்வதுண்டு. அவர்களிடம் நான் இங்கிலாந்தின் லோட்டஸ் கார் கம்பெனியைக் காட்டுகிறேன். அதைத் தொடங்கிய காலின் சாப்மன் தன் முதல் காரை 1948-இல் லண்டனில் ஒரு சின்ன ஷெட்டில், பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத்தான் கட்டினார். 1950-இல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து விற்றுவிட்டார். அதற்கப்புறம் அந்த வண்டி எங்கே போனதென்று தெரியவில்லை. 2018-இல் கம்பெனிக்கு 70 வயது ஆனபோது, உங்கள் கொட்டகையைப் பாருங்கள், பரணைப் பாருங்கள் என்று உலகத்துக்கே வேண்டுகோள் விட்டார்கள். கார் பந்தயத்தில் உலகச் சாம்பியன் பட்டம் வாங்கிய கம்பெனிக்கே முதல் வண்டியின் ஏக்கம் விடவில்லை. எங்களுக்கு முதலும் கடைசியும் அந்த ஒரு வண்டிதான்.

இப்போது பொதுவான விஷயம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழைமையான வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு விஏ என்ற எழுத்தோடு எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். மிக நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டி செய்த காலத்து வடிவத்திலேயே இருக்கவேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படியென்றால் எங்கள் வண்டி நாளைக்கே கிடைத்தாலும் அதற்கு அந்த மதிப்பு இல்லை. கம்பெனி செய்தது பாரம்பரியம், டிங்கர் அண்ணன் கையால் செய்தது வெறும் பழைய இரும்பு என்று ஆகிவிடுகிறது.

இன்றைக்கு வாங்கிய வண்டியைக் கண்டபடி மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துத் தீர்ப்புச் சொன்னது பாதுகாப்புக்கு நல்லதுதான். நான் கேட்பது வேறு. 1950-களிலும் 60-களிலும் 70-களிலும் கோவையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் பம்பாயிலும் மெக்கானிக்குகளும் டிங்கர்களும் கையால் கட்டிய வண்டிகள் எத்தனையோ உண்டு. சோழவரத்திலேயே நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் வண்டியில் செய்த மாற்றத்துக்கே இப்போது 51 வயது. அன்றைய சட்டப்படி அதிகாரி பார்த்து ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய மாற்றத்தையாவது ஏற்றுக்கொள்ளலாமே. இறக்குமதி இல்லாத நாளில் இந்த நாட்டுக் கைகள் என்ன செய்தன என்பதற்கு அந்த வண்டிகளைவிட வேறு சாட்சி ஏது? அணிவகுப்பு நடத்தும் அன்பர்களும் அவற்றுக்கென்று ஒரு பிரிவு வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி பெயரோடு, தகடு அடித்தவர் பெயரையும் அட்டையில் எழுதி வைக்கட்டும்.

டிங்கர் அண்ணனுக்கு இப்போது 87 வயது. சிங்காநல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும், கை நடுங்காது. மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது, செருப்பு மாட்டும் நேரத்தில், "நம்ம வண்டி எங்கயாவது தட்டுப்பட்டுதுங்களா தம்பி?" என்று கேட்பார். 41 வருடத்தில் ஒரு முறைகூட ஏன் விற்றாய் என்று கேட்டதில்லை. உங்கள் செய்தியைப் போன வாரம் அவருக்குப் படித்துக் காட்டினேன். படத்தில் ஒரு ஹெரால்டு இருப்பதைச் சொன்னேன். "கூரை இருக்குதுங்களா?" என்றார் உடனே.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாலக்காடு, பொள்ளாச்சி, உடுமலை, வால்பாறைப் பக்கம் யார் வீட்டுக் கொட்டகையிலாவது கூரையில்லாத, இரண்டு பேர் உட்காரும் பழைய ஹெரால்டு நின்றால் தயவுசெய்து பாருங்கள். நிறத்தை வைத்துத் தேட வேண்டாம், எத்தனை முறை மாற்றி அடித்தார்களோ. பானட்டை முன்னால் சாய்த்தால் அலுமினிய மேனிஃபோல்டில் 'கோவை 1974' என்று இருக்கும். இன்ஜினே மாறியிருந்தால், வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, நடுச் சேஸிஸில் சாய்சதுரத் தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் தெரியாதபடி துரு ஏறியிருந்தால், வலது பின் மட்கார்டுக்கு உள்பக்கம் கையை விட்டு மேல் வளைவில் தடவுங்கள். ஒரே வரிசையில் ஏழு புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்படும். மூன்றாவது முறை அடித்துச் சரியாக வந்த அன்று, அண்ணன் ஆணியால் தட்டி வைத்த புள்ளிகள். ஏன் ஏழு என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

கிடைத்தால் இந்த நாளிதழ் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். வண்டியைத் திருப்பிக் கேட்க மாட்டேன், அது உங்களுடையது. பெயர் மாற்றும் தாளில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அரை மணி நேரம் அவரை அந்த மட்கார்டுப் பக்கத்தில் உட்கார விடுங்கள், அது போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி,
ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர்.